பாகம் பிரித்தாலும் கிணறு பொது: ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ்

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கே.ஆர்.பி. டேம் வாய்க்கால் பாயும் நிலம். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, மேற்கே அப்பாவுக்கு, கிழக்கே பெரியப்பாவுக்கு என்று கல் நட்டுவிட்டுப் போனார். பத்திரத்தின் கடைசி வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: கிணறும் மோட்டார் ரூமும் வண்டிப்பாதையும் இருவருக்கும் பொது. அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் நிலத்துக்காக ஒருநாளும் வாய்த்தகராறு வந்ததில்லை. வந்ததெல்லாம் அந்தக் கடைசி வரியில் இருந்த மூன்றுக்காகத்தான். ஒருவர் மோட்டார் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விடுவார். இன்னொருவர் பாதையில் வைக்கோலை இறக்கிவிடுவார்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு ஓஎஸ்களையும் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) போட்டு, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுப்பும் டூயல் பூட்டைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். "டூயல் பூட் போட்டால் விண்டோஸ் போயிடுமாண்ணா?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம். ஒரு ஓஎஸ் இன்னொன்றின் இடத்துக்குள் புகுந்து எதையாவது அழிப்பது அபூர்வம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், மற்றது டிஸ்கில் சும்மா படுத்திருக்கும். சிக்கல் வருவதெல்லாம் இரண்டும் பங்குபோடும் சில பொதுப் பொருள்களில்தான். எவையெவை பொது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசசர்களில் ஏறக்குறைய எல்லாமே அதன் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. நம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கிவரும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புகளில் அந்தப் பழைய ப்ராசசர்கள்தான் நிறைய. மெஷின் நன்றாகவே ஓடும், கீபோர்டு நன்றாக இருக்கும், ஆனால் விண்டோஸுக்கு மட்டும் வயதாகிவிட்டது. அதே சமயம் விண்டோஸை முழுதாகத் தூக்கி எறியவும் முடியாது. டாலி, ஆட்டோகேட் எல்லாம் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறார்கள்.

உண்மையில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு டூயல் பூட் புதிதே இல்லை. 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாகக் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது பாஸ். அந்த லேப்டாப்பை ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் சில வினாடி வந்து நிற்கும். கீழே இருக்கும் அந்த இன்னொரு பெயர் என்ன என்று நானும் என் நண்பர்களும் கேட்டதே இல்லை. சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு அன்றே லினக்ஸ் பழகியிருக்கும். இப்போதும் எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்று. எல்லோருக்கும் டூயல் பூட் தேவையில்லை. கல்லூரி லேப் பயிற்சிக்கு நாலு லினக்ஸ் கட்டளையும் ஒரு சி கம்பைலரும் போதும் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். விண்டோஸுக்குள் ஒரு போலிக் கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினும் ஒரு வழி, ஆனால் அதற்கு மெமரி வேண்டும். நாலு ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் ஒரு பங்கைத் தின்றபின் மிச்சத்தில் இன்னொரு ஓஎஸ்ஸை ஓட்டினால் இரண்டுமே நொண்டும். டூயல் பூட்டில் எது ஓடினாலும் மொத்த ரேமும் அதற்குத்தான். பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வது இதனால்தான்.

சரி, பாகம் பிரிப்பதற்கு வருவோம்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் பொறியியல் இரண்டாம் ஆண்டுப் பெண் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். ஏழாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 256 என்று அட்டையில் இருந்தாலும் விண்டோஸ் அதை 238 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. வேறு எதுவும் குறையவில்லை. சி டிரைவில் 85 ஜிபி நிரம்பியிருந்தது. அப்படியானால் 150 ஜிபி காலி. லினக்ஸுக்கு இடம் எடுக்க, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி டிரைவைச் சுருக்கும் ஷ்ரிங்க் கொடுத்தால், அதிகபட்சம் 38 ஜிபிதான் தருவேன் என்று நின்றது.

"இடம் இருக்குல்ல, அப்புறம் ஏண்ணா தரமாட்டேங்குது?" என்றாள்.

டிஸ்கில் பிரித்த ஒரு பாகத்தை, அதாவது பார்ட்டிஷனை, சுருக்குவது என்றால் கடைக்கோடியிலிருந்து உள்ளே வருவது. கடைக்கோடியில் கிடக்கும் ஃபைல்களை விண்டோஸ் முன்பக்கம் நகர்த்திவிட்டு அந்த இடத்தை விடுவிக்கும். ஆனால் தான் ஓடிக்கொண்டிருக்கும்போது சிலவற்றை அதனால் நகர்த்த முடியாது: தூங்கும்போது மெமரியில் இருப்பதை எழுதி வைக்கும் ஹைபர்னேட் ஃபைல், மெமரி போதாதபோது பயன்படுத்தும் பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோருக்காக எடுத்து வைக்கும் பிரதிகள். காலி நிலத்தின் நடுவே ஒரு பனைமரம் நிற்கிற மாதிரிதான். மரத்துக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தரிசு கிடந்தாலும், கல் மரத்தைத் தாண்டி உள்ளே வராது. ஹைபர்னேஷனை நிறுத்தினோம், சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை அணைத்தோம், பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம். மறுபடி ஷ்ரிங்க் கொடுத்தபோது நூறு ஜிபிக்கு மேல் காட்டியது. நாங்கள் 60 எடுத்துக்கொண்டோம். அதற்கான கட்டத்தில் மெகாபைட்டில் எழுத வேண்டும், ஆகவே 61,440. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, 25 ஜிபி இருந்தால் போதும் என்கிறது, ஆனால் 50க்குக் கீழே கொடுத்தால் ஆறு மாதத்தில் திணறும் என்பது என் அனுபவம். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட மறக்கக்கூடாது.

இந்தச் சுருக்கலை எப்போதும் விண்டோஸிலேயே செய்யுங்கள். தன் வீட்டுப் பண்டபாத்திரம் எங்கே இருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புகளில் பேட்டரி செத்துக் கிடப்பதும் வழக்கம். சார்ஜர் வயரில் மட்டும் உயிர் வாழும் மெஷினில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், ஃபைல்கள் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் இழப்பு பெரிது. யுபிஎஸ் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்யலாம். முக்கியமான ஃபைல்களை முதலில் வெளி டிஸ்கில் எடுத்து வைப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: எடுத்து வையுங்கள்.

இப்போது பொதுப் பொருள்கள். முதலாவது, டிஸ்கின் பதிவேடு.

2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. காவேரிப்பட்டணத்து மண் ஒரு அடிகூட நகரவில்லை, பதிவேட்டில் அதன் மாவட்டம் மாறியது. பார்ட்டிஷன் டேபிளும் அப்படித்தான். எந்தப் பாகம் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும் ஒரு சின்னப் பட்டியல், அவ்வளவுதான். பழைய முறையான எம்பிஆரில் இது டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் முடிந்துவிடும். அதில் 446 பைட் பூட் செய்வதற்கான குறுநிரல், 64 பைட் பட்டியல், கடைசி 2 பைட் முத்திரை. 64 பைட்டில் நாலு பாகத்துக்குத்தான் இடம். இரண்டு டெராபைட்டுக்கு மேல் டிஸ்கையும் அதனால் சொல்ல முடியாது. புதிய முறையான ஜிபிடியில் வழக்கமாக 128 பாகம் வரை எழுதலாம், பட்டியலின் இன்னொரு பிரதி டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றதை வைத்துச் சரிசெய்யலாம்.

"முதலில் விண்டோஸ் போடு, அப்புறம் லினக்ஸ் போடு" என்று பழைய ஆட்கள் சொல்வது எம்பிஆர் காலத்துப் பாடம். அந்த 446 பைட் ஒருவருக்குத்தான் சொந்தம். பின்னால் வருபவர் முன்னால் இருந்தவரை அழித்துவிட்டுத் தன் நிரலை எழுதிக்கொள்வார். லினக்ஸோடு வரும் பூட் நிரலான க்ரப், விண்டோஸையும் தேடிப் பட்டியலில் சேர்க்கும் குணமுள்ளது. விண்டோஸின் பூட் நிரல் லினக்ஸைத் தேடுவதில்லை. அதனால் அந்த வரிசை.

மெஷினை எழுப்பும் மதர்போர்டு நிரல் புதிய மெஷின்களில் பயாஸிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாறியபின் இந்தச் சண்டை பெருமளவு தீர்ந்தது. இங்கே இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பாகம் இருக்கும். விண்டோஸ் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் 100 எம்பி, ஃபேட்32 வடிவம். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். ஒருவர் இன்னொருவரை அழிக்கத் தேவையில்லை. எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டில் உள்ள நினைவகத்தில் எழுதியிருக்கும். இதுதான் பத்திரத்தில் இருந்த அந்த வண்டிப்பாதை. இதை ஃபார்மேட் செய்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்ஸ்டாலரில் நீங்களே கையால் பார்ட்டிஷன் பிரித்தால், இஎஃப்ஐ பாகத்துக்கு நேராக ஃபார்மேட் டிக் விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

லினக்ஸ் இன்ஸ்டாலரை ஏற்றிய பென் டிரைவை எந்த முறையில் பூட் செய்கிறோம் என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றுக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் போட வேண்டும். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பார்த்தால் யூஇஎஃப்ஐயா, லெகசி என்ற பழைய பயாஸ் முறையா என்று தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு, "இரண்டும் இருக்கு, ஆனா மெனு வரலை" என்று வருபவர்கள்தான் அதிகம்.

இன்ஸ்டால் செய்வதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உபுண்டு 24.04 எட்டு ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். முதலில் போடாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, சவுண்ட் வருகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வைஃபை பிடிக்காவிட்டால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வரும், டிரைவரை அதன் வழியாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தெரிவும், மொத்த டிஸ்கையும் அழி என்ற தெரிவும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும் பக்கத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

மோட்டார் ரூம் சாவிக்கு வருகிறேன். நான் பார்த்தவரை மிக அதிகமான தொல்லை இதில்தான்.

விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. தன் மையப் பகுதியான கெர்னல் இருந்த நிலையை அப்படியே ஹைபர்னேட் ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அடுத்த முறை வேகமாக எழுந்திருக்க அது உதவும். ஆனால் சி டிரைவ் அப்போது பாதித் திறந்த நிலையில் கிடக்கிறது. நீங்கள் லினக்ஸுக்குள் போய் சி டிரைவைத் திறந்தால், விண்டோஸ் தூங்குகிறது என்று அடையாளம் கண்டு, படிக்க மட்டும் விடும், எழுத விடாது. சிலசமயம் திறக்கவே மறுக்கும். லினக்ஸ் செய்வது சரிதான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தூங்கும்போது, இன்னொருவர் பூட்டை உடைத்து உள்ளே எதையாவது மாற்றினால், முன்னவர் எழுந்து பழைய கணக்கை வைத்து எழுத ஆரம்பிப்பார், இரண்டும் கலந்து ஃபைல்கள் சேதமாகும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் நாலைந்து வினாடி கூடுதலாக ஆகும், வேறு இழப்பு இல்லை. இதில் இன்னொரு விஷயம்: ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாகத்தான் நிற்கும், ஷட் டவுனில்தான் இந்தச் சிக்கல். "சில நாள் திறக்குது, சில நாள் திறக்கலை" என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பூட்டு. என் சித்தப்பா மகன் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் தானே லினக்ஸ் போடப்போகிறேன் என்று பயாஸுக்குள் (யூஇஎஃப்ஐ அமைப்பையும் பேச்சில் அப்படித்தான் சொல்வோம்) போய், கையொப்பமுள்ள பூட் நிரலை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் வசதியை அணைத்தான். அடுத்து ஆன் செய்தபோது நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. டிஸ்க் விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கை உருவாக்கிக் கொடுத்தது வாங்கிய கடையில் இருந்த ஒருவர். எந்த மெயில் ஐடி என்று யாருக்கும் நினைவில்லை. உள்ளே அவன் அக்கா கல்யாணப் போட்டோ மொத்தமும் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தான், குரலே சரியில்லை.

இந்த டிஸ்க் பூட்டின் சாவி டிபிஎம் சிப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைசியாகப் பார்த்த அதே நிலையில், அதே செக்யூர் பூட் அமைப்போடு எழுந்தால்தான் சிப் சாவியை வெளியே விடும். அமைப்பு மாறினால், யாரோ டிஸ்கைத் திருடப் பார்க்கிறார்கள் என்று நினைத்து விடாது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, மாற்றியதை மாற்றிய இடத்திலேயே திரும்ப வைப்பது. போனிலேயே சொல்லி செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்ய வைத்தேன். விண்டோஸ் ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. அன்றிரவே போட்டோக்களை வெளி டிஸ்கில் எடுத்தான், கீயை ஒரு நோட்டில் எழுதினான், அதற்குப் பிறகு டிஸ்கைப் பூட்டும் டிவைஸ் என்க்ரிப்ஷனை விண்டோஸ் செட்டிங்ஸிலேயே நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தான். புது லேப்டாப்பில் கை வைப்பதற்கு முன் அந்த 48 இலக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் செக்யூர் பூட்டை அணைத்திருக்கவே தேவையில்லை என்பது இன்னொரு விஷயம். உபுண்டு போன்றவற்றின் முதல் பூட் நிரலான ஷிம், மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு வருகிறது. செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும்போதே அது எழும். ஆனால் கையொப்பம் பொது என்பதால் அங்கேயும் ஒரு பூசல் வந்தது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறைபாடு உள்ள பழைய பூட் நிரல்களை மறுக்கும் விதியை மதர்போர்டில் எழுதியது. டூயல் பூட் மெஷின்களில் அது எழுதாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, ஆனால் பலவற்றில் எழுதிவிட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பு விதி மீறல் என்று ஒரு வரி காட்டிவிட்டு மெஷின் அணைந்துவிடும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை அப்டேட் செய்து மீண்டவர்கள் பலர். 2025 மே மாத அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. இரண்டு ஓஎஸ்ஸையும் அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். லினக்ஸுக்குள் மூன்று மாதம் போகாமலே இருந்தால் அதன் ஷிம் பழசாகிக் கிடக்கும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு க்ரப் மெனு காணாமல் போவது இதைவிடச் சின்ன விஷயம். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது, பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு ஏறியிருக்கும். பயாஸில் உபுண்டுவை மேலே தூக்கிவிட்டால் போதும். இதற்கு நேர்மாறாக, மெனுவில் விண்டோஸ் காணவில்லை என்றால் காரணம் வேறு. 2021இல் வந்த க்ரப் 2.06இலிருந்து, மற்ற ஓஎஸ்களைத் தேடும் வேலையைப் பாதுகாப்பு கருதி இயல்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். க்ரப்பின் அமைப்பு ஃபைலில் ஒரு வரியை மாற்றி அதை மறுபடி தேட வைக்க வேண்டும்.

கடிகாரம் கடைசி. 60 ஜிபி பிரித்துக் கொடுத்த அந்தப் பொறியியல் பெண் இரண்டாம் நாளே வந்தாள். சாயங்காலம் ஏழு மணி, அவள் விண்டோஸ் மதியம் ஒன்றரை என்று காட்டியது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். ஐந்தரை என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்து, காட்டும்போது நமக்காக ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளும். விண்டோஸோ அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று நினைத்து அப்படியே காட்டும். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்து, நீயும் உள்ளூர் நேரத்தையே வை என்று சொல்லிவிடலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் மாற்றுவது இன்னொரு வழி. நம் நாட்டில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் முதல் வழியே போதும், அவளுக்கு அதைத்தான் செய்தேன். நேரம் தப்பாக இருந்தால் வெறும் அலாரத் தொல்லை மட்டும் இல்லை, ஆறு இலக்க ஓடிபி உருவாக்கும் ஆப் அந்த மெஷினில் இருந்தால் அது தரும் எண்களும் செல்லாது.

பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, விண்டோஸிலிருந்து நேராக அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் கருப்புத் திரையில் க்ரப் என்ற சொல்லும் துடிக்கும் ஒரு கோடும்தான் இருக்கும். வாசலில் க்ரப் இன்னும் நிற்கிறது, அதற்கான பட்டியல் அழிந்த பாகத்தில் இருந்தது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் பூட் வரிசையில் விண்டோஸை மேலே வைத்தால் எழுந்துவிடும். பழைய எம்பிஆர் மெஷின் என்றால் விண்டோஸ் பென் டிரைவிலிருந்து ரிப்பேர் பகுதிக்குப் போய் அந்த 446 பைட்டைத் திரும்ப எழுத வேண்டும். ஆகவே வரிசையை முதலில் மாற்றுங்கள், விண்டோஸ் தானாக எழுகிறதா என்று பாருங்கள், அப்புறம் லினக்ஸ் பாகத்தை அழியுங்கள். அதன்பின் சி டிரைவை நீட்டப் போனால் எக்ஸ்டெண்ட் என்ற சொல் மங்கலாகத் தெரியலாம். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே விண்டோஸின் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். ஒட்டிய இடத்தைத்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். ஜிபார்ட்டட் போன்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஓட்டி அந்த ரெகவரி பாகத்தைக் கடைசிக்கு நகர்த்தினால் வழி திறக்கும். இல்லாவிட்டால் அந்த 60 ஜிபியை டி டிரைவ் என்று பெயர் வைத்துப் பாட்டும் படமும் போட்டுக்கொள்ளலாம்.